கவனிக்கத்தக்கவர்கள்

(கொழும்பில் இளம் தொழில்முனைவோருக்கும் வணிகத்துறை மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

தொழில் தொடங்க விரும்பும் இளைஞர்களிடம் உங்கள் முன்மாதிரி யார் என்று கேட்டால், வருகிற பதில்கள் பெரும்பாலும் ஏழெட்டுப் பெயர்களுக்குள் அடங்கிவிடுகின்றன. எல்லாரும் கடல் கடந்த நாடுகளின் கோடீசுவரர்கள். எல்லாருடைய கதையும் ஒரு சிறிய அறையில் தொடங்கிப் பங்குச் சந்தையில் முடிகிறது. அவர்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அன்று. ஆனால் ஒருவர் வென்ற பிறகு எழுதப்படும் கதையில் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் வெற்றியை அறிந்தே எடுக்கப்பட்டதுபோலத் தோற்றம் தருகிறது. அவர் தயங்கிய நாட்களும், கணக்கு உதைத்த மாதங்களும், அதே முடிவை எடுத்துத் தோற்றுப்போன மற்றப் பத்துப் பேரும் அந்தக் கதையிலிருந்து உதிர்ந்துவிடுகிறார்கள். மேலும், நாம் வணங்குகிற ஒருவரைக் கூர்ந்து பார்க்க நம்மால் முடிவதில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன் சில வேண்டாதவர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன்: தோற்றவர், வட்டிக்கு விட்டவர், சீட்டுப் பிடிப்பவர், சுமை தூக்குபவர். இவர்களில் யாரையும் நாம் வணங்கப் போவதில்லை. ஆகவே இவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தடையின்றிக் கவனிக்கலாம்.

முதலில், நமக்கெல்லாம் தெரிந்த ஒரு பெயரோடு தொடங்குகிறேன். ஹப்புத்தளைப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் தம்பேதென்ன தோட்டத்துக்கு மேலே உள்ள லிப்டன் இருக்கைக்கு ஏறிப் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. இலங்கைத் தேயிலை என்றதும் உலகம் சொல்லும் பெயர் தாமஸ் லிப்டனுடையது. ஆனால் அவர் இந்தத் தீவுக்கு வந்தது 1890ஆம் ஆண்டில்; அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டுவிட்டார். 1852இல், இன்னும் இருபது வயது நிரம்பாத நிலையில் கோப்பித் தோட்ட வேலைக்கு வந்தவர் அவர்.

இங்கே ஓர் ஆண்டுக் கணக்கைக் கவனிக்குமாறு கேட்கிறேன். டெய்லர் தேயிலை நட்டது 1867இல். கோப்பியை அழித்த இலைநோய் இத்தீவில் கண்டறியப்பட்டது 1869இல். அதாவது, கோப்பி நன்றாகக் காசு தந்துகொண்டிருந்த காலத்திலேயே, யாரும் ஆபத்தை உணராதபோதே, தோட்டத்தின் ஒரு மூலையில் வேறொரு பயிரை அவர் பழக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகும் பல தோட்டக்காரர்கள் கோப்பி மீளும் என்றே நம்பிக் கடன் வாங்கினார்கள். 1884இல், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியன்டல் வங்கி சரிந்தபோது அந்த நம்பிக்கையின் விலை வெளியே தெரிந்தது. இடையில் மலேரியா மருந்துக்குப் பட்டை தரும் கொயினா மரத்தை நட்டுப் பிழைக்கலாம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்ப, சரக்கு மிகுந்து அதன் விலையும் விழுந்தது. டெய்லரும் கொயினா நட்டவர்தான். ஆனால் தேயிலையை அவர் கைவிடவில்லை. தன் வங்களாவின் விறாந்தையில் மேசை போட்டு இலையைக் கையால் உருட்டிப் பழகினார்; 1872 அளவில் தேயிலை உருட்டும் இயந்திரமொன்றைத் தானே அமைத்தார்; 1873இல் லண்டனுக்குப் போன அவருடைய தேயிலை வெறும் 23 இறாத்தல். ஊர் திரும்பி ஓய்வெடுக்க வேண்டிய விடுமுறையிலும் அவர் போன இடம் டார்ஜிலிங், அங்கே தேயிலை செய்வதைப் பார்ப்பதற்காக.

இந்த மனிதர் பணக்காரர் ஆகவில்லை. இறுதியில் தோட்ட உரிமையாளர்கள் அவரை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். 1892இல், தன் 57ஆவது வயதில், அவர் லூல்கந்துரவிலேயே இறந்தார். உடலைத் தோட்டத் தொழிலாளர்கள் முறைமாற்றிச் சுமந்து கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். மகையாவை மயானத்தில் அவர் கல்லறை இருக்கிறது. வியாபாரக் கணக்குப்படி பார்த்தால் தோற்றவர். ஆனால் வருமானம் நன்றாக இருக்கும்போதே அடுத்த பயிரைச் சிறிய அளவில் பழகிப் பார்ப்பது எப்படி என்று அறிய விரும்பும் ஒருவர், லிப்டனின் வாழ்க்கையை விட டெய்லரின் அந்த ஐந்தாறு ஆண்டுகளையே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த 19 ஏக்கரைத் திருத்தியதும், கொழுந்து எடுத்ததும், காட்டை வெட்டிப் பாதை போட்டதும் தமிழகத்திலிருந்து வந்த நம் மக்களின் கைகள். டெய்லருக்காவது கல்லறை இருக்கிறது. வரும் வழியிலும் தோட்டத்திலும் மடிந்த பல்லாயிரம் பேருக்கு அதுவும் இல்லை. ஒருவரிடம் ஒரு தொழில்நுட்பத்தைக் கற்பதும், அவர் நின்ற அமைப்பை ஏற்பதும் வெவ்வேறு. மலையகத்திலிருந்து வந்து இந்தச் சபையில் அமர்ந்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

லிப்டனிடம் கற்க எதுவுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் இடத்தில் இல்லை. சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறி, வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவில் நெற்தோட்டத்திலும் கூலிக்கு நின்று, பிறகு நியூயோர்க்கில் ஒரு மளிகைக் கடையில் உதவியாளராக இருந்து, பொருளை எப்படி அடுக்கினால் வாங்குபவர் நிற்பார் என்று பார்த்துப் பழகியவர் அவர். கிளாஸ்கோவில் தன் முதற்கடையைத் திறந்தது 1871இல். தேயிலையைக் கால், அரை, ஓர் இறாத்தல் பொட்டலங்களாகக் கட்டி, எடை குறையாது என்ற உறுதியோடு ஏழை வீடுகளுக்கும் கொண்டுபோனது அந்தக் கடைப்பையனின் அறிவுதான்.

இன்னொன்று, அவர் தோற்ற விதம். அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் படகுப் போட்டியில் 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை போட்டியிட்டு, ஐந்து முறையும் அவர் தோற்றார். கடைசித் தோல்விக்குப் பிறகு அமெரிக்க மக்கள் பணம் சேர்த்து அவருக்கு ஒரு பொற்கிண்ணம் செய்து கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் பெயர் அமெரிக்கப் பத்திரிகைகளில் விளம்பரக் கட்டணமின்றி வந்துகொண்டே இருந்தது என்பதையும், அமெரிக்கா அவருடைய தேயிலைக்குப் பெரிய சந்தை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தோல்வியில் முகம் சுளிக்காதிருப்பது நல்லொழுக்கம் மட்டும்தானா என்ற கேள்வி எழும். நான் லிப்டனைச் சந்தேகிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்தோடு பார்ப்பவருக்கும் பாடம் கிடைக்கிறது.

இனி, நம் நகரத்துக்குள் வருவோம். செட்டியார் தெருவில் இன்று நாம் நகை வாங்கப் போகிறோம்; வெள்ளையர் காலத்தில் அது கடன் வாங்கப் போன தெரு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே வட்டித் தொழில் நடத்தினார்கள். அவர்களைப் பற்றி நம் நினைவில் எஞ்சியிருப்பது இரண்டு: ஆடி மாதத்தில் அந்தத் தெருவின் கதிரேசன் கோயில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் வேல், மற்றது வட்டி. வட்டிக்காரர் என்ற சொல்லை யாரும் வாழ்த்தாகச் சொல்வதில்லை. அடகு வைத்த நிலம் கைமாறிப்போன குடும்பங்களின் கசப்பு நியாயமானதுதான்.

ஆயினும் அவர்கள் ஒரு தொழிலாளியை உருவாக்கிய விதத்தைப் பாருங்கள். கிட்டங்கி என்ற பொது மண்டபத்தில் பல நிறுவனங்கள் அருகருகே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாய், ஒரு மரப்பெட்டி, சில பேரேடுகள். மேசை நாற்காலிக்குக்கூடச் செலவு இல்லை. அங்கே சேரும் சிறுவன் பெட்டியடிப் பையனாகத் தொடங்குவான்: பெட்டியைத் துடைப்பான், தண்ணீர் கொண்டுவருவான், கடிதம் கொண்டுபோவான், பெரியவர்கள் கடன் கேட்டு வருபவரோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு அடுத்தாள் ஆவான். தேறினால் முதலாளியின் சார்பில் ஓர் ஊரின் தொழிலையே நடத்தும் மேலாள் ஆவான். மேலாளை மூன்றாண்டு வாக்கில் ஊருக்குத் திருப்பி அழைத்து, ஐந்தொகை எடுத்து, கணக்கை ஒப்படைக்கச் செய்து, அடுத்தவரை அனுப்புவார்கள். ஒரே ஆள் ஓர் ஊரில் நிலைத்துவிட்டால் கடனாளியோடு உறவு முற்றி, வசூல் தளர்ந்து, தவறுகள் பேரேட்டுக்குள் புதைந்துவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்றைய வங்கிகள் தங்கள் முகாமையாளர்களைக் கிளைக்குக் கிளை மாற்றுவதும், உட்கணக்காய்வு செய்வதும் இதே அச்சத்தினால்தான்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது அந்தப் பெட்டியடிப் பையன். அவனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா என்பதை அவர் கொண்டுவரும் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அவர் எந்த நேரத்தில் வருகிறார், யாரை உடன் அழைத்து வருகிறார், முன்பு வாங்கிய தொகையைப் பற்றித் தானாகப் பேசுகிறாரா என்பவற்றிலிருந்து படிக்க அவன் ஆண்டுக்கணக்கில் கற்றான். நம் பட்டதாரிகள் முதல் மாதத்திலேயே முகாமையாளர் என்ற பெயர்ப்பலகையை எதிர்பார்க்கிறார்கள். அந்த ஆசையில் பிழையில்லை. ஆனால் பெட்டியடியில் இருந்த காலம் வீண் காலம் என்ற எண்ணம், கற்பதற்கு மிக மலிவான பருவத்தை இழக்கச் செய்துவிடும்.

செட்டியார்களின் வீழ்ச்சியும் அவர்களுடைய திறமையைப் போலவே படிக்கத்தக்கது. அவர்கள் கடனாகக் கொடுத்த பணத்தில் பெரும் பகுதி ஐரோப்பிய வங்கிகளிடம் அவர்கள் வாங்கியது. 1925இல் கொழும்பில் பெரிய செட்டியார் நிறுவனம் ஒன்று சரிந்தபோது அந்த வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. அடுத்த சில ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தமும் வந்து சேர, தேங்காயும் இறப்பரும் விலை இழந்து, கடனாளிகளால் கட்ட முடியாமல் போயிற்று. உள்ளூர் மக்களுக்குக் கடன் கிடைக்காத அந்த நிலையை ஆராய 1934இல் வங்கி ஆணைக்குழு அமர்ந்தது. 1939இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. ஆள்மாற்றத்தில் அவ்வளவு எச்சரிக்கையாக இருந்தவர்கள், பணம் வரும் வழி ஒன்றே ஒன்றாக இருப்பதைப் பற்றிப் போதிய எச்சரிக்கை கொள்ளவில்லை. 2022இல் வங்கிகளிடம் டொலர் தீர்ந்து, இறக்குமதிக்கு வேண்டிய எல்சி என்ற கடன் கடிதத்தைத் திறக்க முடியாமற்போனபோது, புறக்கோட்டை இறக்குமதியாளர்கள் பலர் அதே மூலையில்தான் சிக்கினார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, நடந்து போகும் தூரத்தில்.

அடுத்து நான் சொல்லப்போகிறவர் இன்னும் வாழ்ந்துகொண்டிருப்பவர். ஒருவர் அல்லர், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தோட்டப்புறங்களிலும் பலர். சீட்டுப் பிடிக்கும் பெண்களைச் சொல்கிறேன். வீட்டில் அவர்களை நாம் தொழில்முனைவோர் என்று அழைப்பதில்லை. சீட்டு அக்கா என்கிறோம், சில வேளைகளில் கேலியாகவும். கணக்கை எடுத்துக்கொள்வோம். 20 பேர் மாதம் 10,000 ரூபாய் கட்டினால் மாதாமாதம் 2 இலட்சம் திரளும். 20 மாதங்களில் ஒவ்வொருவரும் ஒருமுறை எடுப்பார்கள். பல சீட்டுகளில் முதற்சீட்டு பிடிப்பவருக்கே உரியது. அதுதான் அவருக்குக் கூலி. மேலோட்டமாகப் பார்த்தால் இது சேமிப்பு. உற்றுப் பார்த்தால், முன்னால் எடுப்பவர் கடன் வாங்குகிறார், பின்னால் எடுப்பவர் கடன் கொடுக்கிறார். 2022 செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி ஓராண்டில் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறியிருந்தது. அந்தக் காலத்தில் கடைசிச் சீட்டை எடுத்தவர் கையில் வாங்கிய 2 இலட்சம், முதற்சீட்டின் 2 இலட்சம் அன்று. ஆகவே யாருக்கு எந்த மாதம் என்ற வரிசையில்தான் அந்தத் தொழிலின் முழு மூளையும் இருக்கிறது.

அந்த வரிசையை அவர் எப்படி அமைக்கிறார்? ஜனவரியில் பிள்ளையின் பள்ளிச் செலவு யாருக்கு, சித்திரையில் கலியாணம் யார் வீட்டில், மாதச் சம்பளம் வாங்குபவர் யார், நாட்கூலி யார், எடுத்த பிறகு தொடர்ந்து கட்டக்கூடியவர் யார், எடுத்துவிட்டு வீடு மாறிப் போகக்கூடியவர் யார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருவர் கட்டத் தவறினால் அந்த மாதத் தொகையைத் தன் கையிலிருந்து போட வேண்டியவரும் அவரே. பிணையாக அவரிடம் பத்திரமும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. சேலை விற்கவோ, சாப்பாட்டுப் பார்சல் கட்டவோ, தையற்கடை போடவோ தேவையான முதல் பணத்தை நம் பெண்கள் பலர் இந்தக் கையிலிருந்தே பெற்றிருக்கிறார்கள். இடருள்ளவரை வரிசையில் பின்னால் தள்ளி வைப்பது, அதுவும் அவர் மனம் நோகாமல் தள்ளி வைப்பது, எந்த வங்கிப் பயிற்சி வகுப்பிலும் எளிதில் கற்பிக்கக்கூடிய வித்தை அன்று. சீட்டு ஓடிப்போன கதைகளும் நம்மிடம் ஏராளம் என்பது எனக்குத் தெரியும். ஓடிப்போன ஒருவரைப் பற்றி ஊர் பத்து ஆண்டு பேசுகிறது; முப்பது ஆண்டு ஒழுங்காக நடத்தியவரைப் பற்றிப் பேச ஆளில்லை.

புறக்கோட்டை நாட்டாமைமாரைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லிக் கடந்துபோகிறேன். நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டையும் கிழங்கு மூட்டையும் சுமப்பவர்கள், கெய்சர் வீதியில் துணிப் பொதிகளைக் கைவண்டியில் தள்ளுபவர்கள். எந்தக் கடையில் சரக்கு நகர்கிறது, எந்தக் கடையில் தேங்குகிறது, எந்த வெளியூர் வியாபாரி இந்த முறை பாதி அளவே ஏற்றினார் என்பது மொத்த வியாபாரிகளுக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களின் தோளுக்குத் தெரியும். சந்தை ஆய்வு என்று நாம் பணம் கொடுத்து வாங்கும் அறிக்கைகளில் ஒரு பகுதி, அந்தத் தெருவில் ஒரு தேநீருக்குக் கிடைக்கும். அதே வேளையில், இவர்களை மேடையில் உதாரணமாகக் காட்டிப் பேசுவதில் ஒரு போலித்தனம் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் உணர்கிறேன். வறுமை ஒரு பல்கலைக்கழகம் என்று பேசிக் கைதட்டலும் கட்டணமும் வாங்கிப் போகிற ஊக்கப் பேச்சாளர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். சுமை தூக்குபவருக்கு நம் வியப்பால் ஆவதொன்றுமில்லை. ஒரு மூட்டைக்கான கூலி உயர்ந்தால் ஆகும். அவரிடமிருந்து செய்தி பெற்று இலாபம் காண்பவர் அந்தக் கூலியைப் பற்றியும் பேச வேண்டும்.

இறுதியாக, பெரிய இலட்சியம் இல்லாதவர்கள் என்று நாம் தவறாக எண்ணும் ஒரு கூட்டத்தைப் பற்றி. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துச் சுருட்டு தென்னிலங்கையின் சிங்கள ஊர்களில் நன்றாக விலைபோயிற்று. அதை விற்க, மொழி தெரியாத ஊர்களுக்குப் பதின்ம வயதுப் பையன்கள் புறப்பட்டுப் போனார்கள். சுருட்டுக் கடை என்ற பெயரில் தொடங்கிய அந்தக் கடைகள் நாளடைவில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் விற்கும் பலசரக்குக் கடைகளாயின. பகலில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பது, இரவில் அங்கேயே பாய் விரிப்பது, சிங்களத்தைக் கடன் கொப்பியின் வழியாகக் கற்பது: அதுதான் அவர்களுடைய வாழ்க்கை. இதைக் குறுகிய வாழ்க்கை என்று படித்த குடும்பங்கள் ஒதுக்கின. மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகத்தனாக இருக்க வேண்டும் என்ற ஆசைக்கு முன்னால் கடைக்காரர் நின்றதே இல்லை.

ஆனால் அவர்களுடைய இலட்சியத்தின் அளவை நாம் தவறாக எடுத்தோம் என்று நினைக்கிறேன். பல ஆண்டு நின்ற பையனுக்கு, சம்பளத்தில் பிடித்து வைத்த பணத்தோடு கொஞ்சம் சரக்கையும் கடனாகக் கொடுத்து, இரண்டு ஊர் தள்ளி அவனுக்கென ஒரு கடை போட முதலாளிமார் உதவியதை மூத்த வியாபாரிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டு ஊர் தள்ளி என்பதைக் கவனியுங்கள். அன்பிலும் ஒரு கணக்கு இருந்தது. தனக்குப் போட்டியாக வராத தூரத்தில், தன்னிடமே மொத்தமாகச் சரக்கு எடுக்கக்கூடிய ஒருவனை அவர்கள் உருவாக்கினார்கள். கிளை திறப்பதற்கு முதலீடும் மேற்பார்வையும் வேண்டும். இதற்கு இரண்டும் அவ்வளவாக வேண்டியதில்லை. இன்று உரிமக்கடை (பிராஞ்சைஸ்) முறை என்று பெரிய நிறுவனங்கள் செய்வதன் ஒரு வடிவத்தை அவர்கள் ஒப்பந்தப் பத்திரமின்றி நடத்தினார்கள்.

1983 ஜூலையில் அந்த ஊர்களின் கடைகளும், புறக்கோட்டையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் இருந்த தமிழர் கடைகளும் எரிக்கப்பட்டன. சரக்கோடு கடன் கொப்பியும் எரிந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு அதன்பின் வாங்கியவரின் வாயன்றி வேறு சாட்சி இல்லை. பலர் நாட்டை விட்டுப் போனார்கள், பலர் வடக்கே போய்த் திரும்பவில்லை. சிலர் அதே தெருவுக்கு மீண்டு வந்து ஒரு தட்டியும் இரண்டு மூட்டையுமாகத் தொடங்கினார்கள். அப்படித் தொடங்கியவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். எரிந்த சரக்கின் பெறுமதியைக் கேட்டால் அவர்கள் யோசித்துத்தான் சொல்வார்கள். ஆனால் அதன்பின் முன்பணம் கேளாமல் முதல் மூட்டையை இறக்கிக் கொடுத்த மொத்த வியாபாரியின் பெயரை உடனே சொல்வார்கள். அந்தப் பெயர்களில் சிங்களப் பெயர்களும் முஸ்லிம் பெயர்களும் உண்டு. எதை நம்பிக் கொடுத்தீர்கள் என்று அந்த மொத்த வியாபாரிகளிடம் யாரும் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. இரு தரப்பிலும் மிஞ்சியிருப்பவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். வணிகத்துறையில் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். புறக்கோட்டைக்கு இங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம், காலை பத்து மணிக்கு முன்னால் போனால் பேச அவர்களுக்கு நேரம் இருக்கும்.

நன்றி, வணக்கம்.